பதினேழாம் பயனர்

மாமியார் நான்கு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு குறைகள். நானூற்றுப் பதினொன்று மஞ்சள், ஒன்றே ஒன்று சிவப்பு.

மாமியார் என்பது நிரலை அலசிக் குறை சொல்லும் மென்பொருள். எதையும் ஓட்டிப் பார்க்காது, வரிவரியாக வாசித்தே தீர்ப்புச் சொல்லிவிடும். சமைத்ததை நாக்கில் வைக்காமல், அடுப்படியை எட்டிப் பார்த்தே உப்புக் கூட என்கிற ரகம். அதனால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்த அந்த நிறுவனத்தில் எல்லோரும் அதை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாங்கிப் போட்டவர் முதலாளி. அங்கே சோதனை வேலை பார்த்த அவளுக்கு அவர் கணவரும்கூட. அவர் விசிட்டிங் கார்டில் மூன்று பதவிகள் உண்டு, மூன்றும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. மென்பொருள் வந்த அன்றே ‘பிழைக்கு இங்கே இடமில்லை’ என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். தாள் கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“சிவப்பு ஒண்ணு வந்திருக்குங்க” என்றாள் அவள். சோதனைப் பிரிவு முழுக்க அவள் ஒருத்திதான்.

“ஒண்ணா? நாளைக்கு ஆஸ்பத்திரியில இந்தச் சோதனையை நேரடியா ஓட்டிக் காட்டறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். சிவப்பு இருந்தா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க. யாரு பண்ண வேலை?”

“பழைய ஆளு யாரோ.”

“எவனோ அரைகுறை! கையில கிடைச்சான்னா கட்டி வச்சு உதைப்பேன்.”

“கட்டி வச்சுப் பத்து வருஷம் ஆச்சு” என்று அவள் திரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள். அதற்குள் அவர் போனில் யாருக்கோ தரத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்திருந்தார்.

சிவப்பு உட்கார்ந்திருந்த இடம் கண் மருத்துவமனையின் முன்பதிவுத் தளம். பத்து நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் தளம் ஆளை வெளியேற்றிவிடும், மறுபடி கடவுச்சொல் போட்டுத்தான் உள்ளே வரவேண்டும். நோயாளிகளின் விவரம் போகிறவர் வருகிறவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக வைத்த விதி. அந்த விதிக்கு நடுவில்தான் ஒரு வரி ஒளிந்திருந்தது. பயனர் எண் பதினேழு என்றால் மட்டும் வெளியேற்றாதே. பக்கத்தில் எழுதியவரின் முதலெழுத்துகள், பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. மேலே ஒரு குறிப்பு: ‘பதினேழு சாப்பிடும்போது தொந்தரவு செய்யாதே.’

பதினேழு அவள்தான்.

அப்போது அவளுக்கு அந்த மருத்துவமனை வரவேற்பில் மூன்றாம் மேசை. தினமும் சாப்பிட்டுவிட்டு வந்தால் தளம் அவளை வெளியே தள்ளியிருக்கும், பாதி நிரப்பிய படிவமும் காணாமல் போயிருக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தளத்தைச் செய்துகொடுத்த இந்த நிறுவனத்துக்குப் போன் போட்டாள். “நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள உங்க சைட் என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுது. ஏன் சார், உங்க ஊர்ல யாரும் சாப்பிடவே மாட்டீங்களா?” அந்தப் பக்கம் யாரோ தாளில் குறித்துக்கொள்ளும் சத்தம். பிறகு, “பார்க்கறேன் மேடம்.” மறுநாளிலிருந்து தள்ளவில்லை. எல்லோருக்கும் சரிசெய்துவிட்டார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சரிபார்க்க என்று சொல்லிக்கொண்டு அந்த ஆள் மாதத்தில் நாலு தடவை நேரில் வந்து நின்றதும், அடுத்த வருடம் அவளுக்கே தாலி கட்டியதும் வேறு கதை. மனைவியின் பிறந்தநாளுக்கு அலுவலகத்துக்குப் பிரின்டர் வாங்கிய மனிதர் அவர். அவருக்குள் இப்படி ஒரு வரி இருந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஒரு மாமியார் வரவேண்டியிருந்தது.

அழிக்க ஒரு நிமிடம் போதும். அழிக்கும் முன் பழைய மேசைக்கு ஒரு போன் போட்டாள்.

“பதினேழாம் கணக்கை எப்பவோ மூடியிருப்பீங்களே?”

“ஐயோ அக்கா, அதுதான் எங்களுக்கு உயிர்!” என்றாள் இப்போது அங்கே இருக்கும் பெண். “எங்க சொந்தக் கணக்கெல்லாம் பத்து நிமிஷத்துல துரத்துது. மூணாம் மேசைதான் துரத்தாது. யாரு வந்தாலும் அதுலதான் வேலை. பேரு மட்டும் உங்க பேரா இருக்கும்.”

அவள் ரிசீவரை வைத்தாள். வேலையை விட்டுப் பத்து வருடம். அதற்கப்புறம் ஒரு விடுமுறைகூட எடுக்காமல் அங்கே உழைத்துக்கொண்டிருக்கிறாள்! சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. திறந்தபடி கிடக்கும் திரை. எத்தனை பேர் கண், எத்தனை பேர் விவரம். ரகசியமாக அழித்தால் அவர் மானம் தப்பும், அந்தப் பெண்கள் பழையபடி பாதிப் படிவத்தோடு அல்லாடுவார்கள். அவள் அந்த வரியைத் தொடவில்லை. அறிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து அவர் பையில் வைத்து, “போற வழியில படிச்சுடுங்க” என்றாள். அவர் அறிக்கைகளைப் படிக்கிற வழக்கமில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மருத்துவமனைக் கூட்ட அறையில், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவர் நிர்வாகி அம்மாளிடம் இருபது நிமிடம் பேசினார். “எங்க விதியில யாருக்கும் விதிவிலக்கு கிடையாது மேடம். எனக்கே கிடையாது.” பிறகு, சிவப்பை அவள் துடைத்திருப்பாள் என்ற நம்பிக்கையில் மாமியாரின் பொத்தானை அழுத்தினார். சுவரளவு திரையில் சிவப்பு வரி விரிந்தது, முதலெழுத்துகளோடு, குறிப்போடு.

நிர்வாகி அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாக வாசித்தார். “யாரு இந்தப் பதினேழு?”

கணவர் திரையைப் பார்த்தார். சுட்டிக்காட்டும் குச்சி கையில் தாழ்ந்தது. காது மடல் இரண்டும் சிவந்தன. அவள் மேசைக்கடியில் விரல்களைக் கோத்துக்கொண்டாள். பழைய ஊழியர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் துருவப் போவதில்லை.

“நான்தான் எழுதினேன்” என்றார். மூன்று பதவிகளும் இல்லாத குரல் அது. “இவங்கதான் பதினேழு. தப்புதான். அப்ப... அவங்க திட்டினது நியாயமா இருந்துச்சு.”

மூன்றாம் மேசை விஷயத்தை அவளே சொல்லி முடித்தாள். நிர்வாகி அம்மாள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

“பத்து நிமிஷம் எங்க பொண்ணுங்களுக்குப் பத்தலைன்னு பதினோரு வருஷமா ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே! பாதிப் படிவம் தொலையாம இருக்க வழி பண்ணுங்க. கையெழுத்து அப்புறம். முதல்ல அந்தப் பதினேழை வெளிய அனுப்பிட்டு வாங்க.”

வரவேற்பில் சாப்பாட்டு நேரம். மூன்றாம் மேசையின் பழைய கணினியில், ஓரத்தில் பச்சைப் புள்ளியோடு அவள் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய முதலெழுத்தோடு. அவள் உட்கார்ந்தாள். நாற்காலி மாறியிருந்தது, மேசை விளிம்பில் அவள் கீறிய கோடு அப்படியே இருந்தது. அவர் பின்னால் வந்து நின்றார்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“பையில வச்சேனே.”

அவர் பையைத் திறந்து, மடித்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவள் ‘வெளியேறு’ என்பதைச் சொடுக்கினாள். ‘உறுதியாக வெளியேற விரும்புகிறீர்களா?’ என்று திரை கேட்டது.

“அக்கா, நாங்க சாப்பிட்டு வந்துடறோம்” என்று பெண்கள் டப்பாக்களோடு எழுந்து போனார்கள். கூடம் காலியானது. அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேள்வி திரையில் அப்படியே நின்றது. கீழே, யாரும் தொடாத நேரத்தை எண்ணும் கடிகாரம் ஐந்தாவது நிமிடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது, பிறகு ஆறாவதை.