மூணு

பட்டப்பெயரை யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ள முடியாது. இது ஆட்டையாம்பட்டி நவநீதகிருஷ்ணனுக்கு வார்டு தேர்தலில் நின்ற பிறகுதான் புரிந்தது. ‘வார்டின் விடிவெள்ளி’ என்று ஏழு இடத்தில் ஃப்ளெக்ஸ் கட்டினார். ஒரு நாய்கூட அவரை அப்படிக் கூப்பிடவில்லை. எண்ணி முடித்தபோது அவருக்கு விழுந்திருந்தது மூன்று ஓட்டு. வீட்டிலேயே நான்கு ஓட்டு. பொழுது சாய்வதற்குள் அவர் பெயர் ‘மூணு’ ஆகிவிட்டது, ஃப்ளெக்ஸ் செலவில்லாமல்.

வீட்டில் விசாரணை நடந்தது. அப்பா குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். மனைவி சாரதாமணி அழுதாள். முதல் ஓட்டுப் போட்ட மகள் கனிஷ்காதான் டீக்கடைக்கே வந்து, அத்தனை பேர் முன்னாலும் ஒப்புக்கொண்டாள்.

“நாந்தானுங்க போடல. நிக்கறதுக்கே இந்த அலம்பலு. ஜெயிச்சா ஊட்டுல யாருங்க குடியிருக்கறது?”

கடை குலுங்கியது. நவநீதகிருஷ்ணன் ஒரு மாதம் முறைத்தார். பிறகு போனை எடுத்தால் அவரே, “மூணு பேசறேன்” என்றார்.

போன ஐப்பசியில், கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போன கனிஷ்காவை பைபாஸில் லாரி அடித்தது.

காரியமெல்லாம் முடிந்து அவர் டீக்கடைக்கு வந்தபோது பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

“வாங்க நவநீதகிருஷ்ணண்ணா.”

யாரைச் சொல்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

குடிநீர்க் குழாய்க்குக்கூட ஒத்துப்போகாத வார்டு, இதில் ஒருமனதாக இருந்தது. ஒரு வாயிலிருந்தும் ‘மூணு’ வரவில்லை. தேர்தலில் கிடைக்காத மரியாதை இப்போது அண்டா அண்டாவாகக் கிடைத்தது. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு, முன்பெல்லாம் தெருமுனையில் அவர் தலை தெரிந்ததுமே கூவுகிற டீக்கடை மதியழகனிடம் போய் நின்றார்.

“மதி, என்னையக் கூப்புடு.”

“அண்ணா?”

“அதில்ல. பழைய பேரு.”

“எப்புடீங்ணா? அதச் சொன்னா உங்களுக்குப் பாப்பா ஞாபகம் வந்துருமுங்க.”

“சொல்லலீன்னா மறந்துருவனா? அது அவ வெச்ச பேருடா. அந்தப் புள்ள போட்டிருந்தா நாலுடா நானு.”

மதியழகன் வாயைத் திறந்தான். “மூ” வரைக்கும் வந்தது. அதற்கு மேல் முடியாமல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடுப்பில் பால் பொங்கியது. நவநீதகிருஷ்ணனே உள்ளே போய்த் தீயைக் குறைத்தார்.

பெஞ்சில் ஐந்தாறு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது கூப்பிடக்கூடும் என்று இன்னும் சற்று நேரம் நின்றிருந்தார்.