கம்பத்துத் திரை

பஸ் பணிமனை வாசலில் இலவச வைஃபை கம்பம் நட்டதிலிருந்து டிரைவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. கம்பத்தில் ஆளுயரத் திரை ஒன்று உண்டு. யாருடைய ஃபோன் பக்கத்தில் வருகிறதோ, அந்த ஃபோனில் எதைத் தேடினார்களோ, அதற்கேற்ற விளம்பரம் அதில் ஓடும். காசு வாங்காமல் கொடுக்கிறவன் சும்மாவா கொடுப்பான்? டீ நேரத்தில் ஒவ்வொருவராகப் போய் அதன் முன்னால் நிற்பார்கள். ஒருத்தருக்கு முடி உதிராத எண்ணெய் வரும், இன்னொருத்தருக்கு மறுமணத் தகவல் மையம் வரும். அப்புறம் ஒரு வாரத்துக்கு அவர் மானம் கப்பலேறும்.

அங்கிருந்தவர்களில் மூத்த டிரைவர் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெரியவர் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். மூன்று மாதமாகவே பொழுது சாய்ந்தால் அவருக்குச் சாலை கரைந்துபோகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு தெரிகிறது, வண்டி தெரிவதில்லை. விஷயம் வெளியே போனால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். அவருக்கு வேறு வேலையும் தெரியாது. பின்னால் ஐம்பது உயிர் உட்கார்ந்திருக்கிறதே என்று மனுஷனுக்கு உறைக்காமல் இல்லை. உறைத்துத்தான் சாயங்கால வண்டியை ஊர்ந்து ஓட்டினார். பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கவில்லை.

வைத்தியம் உண்டா என்று தேட வேண்டும். சொந்த ஃபோனில் தேடினால் கம்பம் ஊரைக் கூட்டிவிடும். அதே பணிமனையில் வண்டி ஓட்டும் மைத்துனனிடம், தன் ஃபோனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி அவனுடையதை வாங்கித் தேடினார். அவனுக்குப் பருந்துக் கண். விளம்பரம் வந்தாலும் எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு.

சிரிக்கத்தான் செய்தார்கள். 'மாலைக்கண் நோயா? இன்றே வாருங்கள்' என்று திரை அழைத்தபோது மைத்துனனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மேனேஜர் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவனை வண்டியிலிருந்து இறக்கிக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை மூன்று நாள் அவன் டயர்களுக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லிவிடலாம் என்று அவன் கிட்டே போவார், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

நாலாம் நாள் சாயங்காலம் அவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சீட்டு வந்தது. பெரியவர் டிரிப் ஷீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும் நேரம். மைத்துனன் அவரைப் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனான். ஃபோனை வேறு யார் வாங்கினார்கள் என்று மேனேஜர் கேட்டாராம். யாரும் வாங்கவில்லை என்று சொல்லியிருக்கிறான்.

"அந்த மூலையில நிக்குறது எந்த வண்டி மாமா?"

இருட்டத் தொடங்கியிருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்புத் திட்டு. பல வருஷமாக அந்த மூலை அவர் வண்டிக்குத்தான்.

"ஏன், நம்ம வண்டிதான்," என்றார்.

"உங்க வண்டிய இன்னும் கழுவிக்கிட்டு இருக்காங்க மாமா. அங்க வண்டியே இல்ல, வெறும் செவுரு."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் அந்தத் திட்டைப் பார்த்தார்.

"ஷீட்டைக் குடுங்க. இந்த டிரிப்ப நான் ஓட்டுறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துச் சுவர்ப் பக்கமாக நீட்டினார். அவன் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.