பலகையில் எழுதிய ஏழு

1971 அக்டோபரில் அந்தக் காலை அறுவை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பெண்கள் மருத்துவர் ராக்னா ஹெஸ்தவிக். அவள் வலப்பக்கம் செவிலி தூரிட். தலைமாட்டில் மயக்க மருந்து கொடுக்கும் ஹால்வார். மேசையில் நினைவின்றி போர்கில்ட், அருகிலுள்ள தீவிலிருந்து முதல் படகில் வந்தவள், ஐம்பத்தெட்டு வயது. வேறு யாரும் உள்ளே இல்லை.

மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்துப் போர்கில்டுக்கு உதிரம் பட்டிருந்தது. கருப்பையின் உட்சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பெர்கன் நகருக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன், கோடு போட்ட கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார்கள். மருத்துவர் எண்ணை உரக்கச் சொல்ல, செவிலி சுவர்ப் பலகையில் எழுதுவாள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அங்கே முன்பு மருத்துவராக இருந்த ராக்னாவின் தந்தை. அவர் படம் நடைவழியில் மாட்டியிருந்தது.

"ரெண்டு மணி படகுக்கு இந்தம்மாவ அனுப்பிடலாமா?" என்றான் ஹால்வார்.

"அனுப்பலேன்னா வீட்டுக்காரர் பட்டினிதான். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது அந்த மனுஷனுக்கு" என்றாள் தூரிட்.

ராக்னா சிரித்துக்கொண்டே கம்பியைச் செலுத்தினாள். ஏழு சென்டிமீட்டரில் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்ப் பதினொன்றைத் தொட்டது.

கம்பி கருப்பைச் சுவரைத் துளைத்துவிட்டது. அது அவளுக்கு அப்போதே தெரியும். முப்பத்தைந்து வருடத்தில் அவள் கை அப்படித் தவறியதில்லை. தந்தையின் கையும் தவறியதில்லை என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள்.

"எத்தனை?" சாக்கட்டியோடு தூரிட் காத்திருந்தாள்.

"ஏழு."

கம்பியை வெளியே எடுத்தாள். "இன்னிக்கு இது போதும்" என்று சுரண்டாமலே முடித்தாள். அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது. சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் நோயாளியை ஒரு நாள் படுக்கவைத்து நாடியையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவள் வாய் திறக்கவில்லை.

இரண்டு மணிப் படகில் போர்கில்ட் ஏறினாள். நடுக்கடலில் சுருண்டு விழுந்தாள். படகு திரும்பியது. வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர் தேங்கிய இரத்தத்தை எடுத்துவிட்டு, கருப்பையின் பின்சுவரைத் தைத்தார். குறிப்பில் இருந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்தார், ராக்னாவைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. ஹெஸ்தவிக் குடும்பத்தாரைக் கேள்வி கேட்கும் பழக்கம் அந்த ஊரில் கிடையாது.

ஊரே ஒரு காரணம் கண்டுபிடித்தது. சொன்ன பேச்சைக் கேட்காமல் போர்கில்ட் மாவு மூட்டையைத் தூக்கிப் படகில் ஏற்றினாளாம். அதில் உள்ளே கிழிந்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை காபியின்போது ராக்னா தன் அண்ணன் சீவெர்ட்டிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மூட்டைன்னே இருக்கட்டுமே. அவதான் பொழச்சிட்டாளே. அப்பா பேரை நெனச்சுப் பாரு."

"அஞ்சு நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன், அண்ணே."

மறுநாள் அவள் போர்கில்டின் கட்டிலருகே போனாள். தூரிட் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எம்மேல கோவமா, டாக்டரம்மா?" என்றாள் போர்கில்ட். "கனம் தூக்காதேன்னு தூரிட் படிச்சுப் படிச்சுச் சொன்னா. நாந்தான் கேக்கல. எங்க வீட்டுக்காரர் முகம் குடுத்துப் பேசறதில்ல. உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

ராக்னாவுக்கு முகம் எரிந்தது. மன்னிப்பைக் கேட்டது யார், கேட்க வேண்டியது யார்! உட்காராமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

"தூரிட், நீயும் கேளு. மூட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அன்னிக்குக் காலையில பத்தேகாலுக்கே ஓட்டை விழுந்துடுச்சு. போட்டது நான். பதினொண்ணப் பார்த்துட்டு ஏழுன்னு சொன்னதும் நான்தான். நீ என்னை மன்னிக்கணும்னு இல்ல, போர்கில்ட். உன் வீட்டுக்காரர்கிட்டயும் நானே சொல்றேன்."

தூரிட்டின் கை தலையணைமேல் அப்படியே நின்றது. போர்கில்ட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தீவில் இன்றைக்கும் சிலர் மாவு மூட்டை என்கிறார்கள். மூட்டையால் வந்ததல்ல. ராக்னா ஹெஸ்தவிக்கின் கையால் வந்தது.