நாச்சிமுத்து அண்ணன் இருக்கும் பாட்டு

எங்கள் மூன்றாவது ஆல்பத்தில் உள்ள 'நீர்மட்டம்' என்ற பாட்டுக்குள் போன நாச்சிமுத்து அண்ணன் ஐந்து வருடமாக வெளியே வரவில்லை. பாட்டு நாற்பத்தொரு நிமிடம். ஆறு பகுதிகள், ஒன்பது தாள மாற்றங்கள், பாடல் வரி மொத்தமே நான்கு. இந்த மாதிரிப் பாட்டுக்குள் ஆட்கள் வழி தவறுவது சகஜம்தான். ஒன்றிரண்டு நாள் சுற்றிவிட்டு, தாடியோடு வெளியே வந்து, ஒரு டீ குடித்து, "அருமைங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை.

நான் அந்த இசைக்குழுவின் டிரம்மர் கிட்டுசாமி. குழுவுக்கு 'ஏழரை' என்று பெயர். ஏழரை எண்ணிக்கையில் வாசிக்கத் தெரிந்தவர்கள் கோயமுத்தூரிலேயே நாங்கள் மூன்று பேர்தான் என்ற திமிரில் வைத்தது. கிடார் ரஃபீக். கீபோர்டும் குரலும் ஜெசிந்தா. கணபதியில் ஒரு பம்புசெட் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் எங்கள் இடம். வெயில் காலத்தில் அங்கே உட்கார்ந்தால் முட்டை வெந்துவிடும்.

நாச்சிமுத்து அண்ணன் அந்தப் பட்டறையில் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுபவர். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் காயில் செய்வார். சுற்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து எண்ணுவார். அந்தப் பழக்கத்தோடுதான் எங்கள் பாட்டையும் கேட்டார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே உள்ளே போனவர், இருபத்தாறாவது நிமிடத்தில் வரும் பதின்மூன்று எண்ணிக்கைப் பகுதியில் நின்றுவிட்டார். ரெக்கார்டைப் போட்டால் அந்த இடத்தில் அவர் இருமுவது கேட்கும்.

அவருடைய மனைவி கனகமணி அக்கா தினமும் பகல் ஒரு மணிக்கு அந்த ரெக்கார்டைப் போடுவார். ஸ்பீக்கர் பக்கத்தில் சோற்றுப் போசியை வைப்பார். பாட்டு முடியும்போது போசி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். ரசத்தில் உப்பு கம்மி என்றால் இருபத்தேழாவது நிமிடத்தில் அண்ணன் சொல்வார். இப்படியே ஐந்து வருடம் போனது.

போன தை மாதம் அக்கா கொட்டகைக்கு வந்தார். பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிட்டு தம்பி, எனக்கு அம்பது வயசு ஆகப்போகுது. இன்னும் எத்தன நாளைக்குங்க நான் பாட்டுக்குச் சோறு போடறது? எனக்கு அவரு வீட்டுல வேணும். சுலுவா ஒரு பாட்டுப் போடுங்க. அது வழியா வெளிய வந்துருவாரு."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். ரஃபீக் கூரையைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். சுலுவாகப் பாட்டுப் போடச் சொல்லி எங்களிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ஆனால் அக்கா எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. அதனால் நாலாவது ஆல்பத்தை அன்றைக்கே தொடங்கினோம்.

ஒரு ஆல்பத்தில் பாட்டும் பாட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. நடுவில் இரண்டு விநாடி சந்து இருக்கும். ஆல்பம் வேறானாலும், நீர்மட்டத்தை அடுத்து ஒரு எளிய பாட்டை ஓட்டினால், அண்ணன் சந்து வழியாக இதற்குள் வந்து, இதன் வாசல் வழியாக வெளியே வந்துவிடலாம். இதுதான் திட்டம்.

சொல்வது சுலபம். ரஃபீக்கின் கிடார் தனி ஆவர்த்தனம் பதினொரு நிமிடம். அதை நாற்பது விநாடியாக வெட்டச் சொன்னால், பெற்ற பிள்ளையைக் கேட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டான். "எத வெட்டறதுன்னே தெரியலடா" என்று அழாத குறை. கடைசியில் வெட்டினான். வெட்டிய நிமிடங்களைச் சாக்கில் கட்டிக் கொட்டகை மூலையில் அடுக்கினோம். சாயங்காலம் சூடு இறங்கும்போது அவை லேசாக முனகும். பட்டறைக்காரர்கள் வந்து சாக்கைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள், தள்ளி வைத்தோம்.

ஜெசிந்தாவுக்கு வேறு சங்கடம். எங்கள் பாட்டில் எதுவும் இரண்டாம் முறை வராது, அது கொள்கை. இப்போது பல்லவி என்று ஒன்று வேண்டும், அது திரும்பத் திரும்ப வர வேண்டும். "சொன்னதையே சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு கிட்டு" என்றாள். மூன்று நாள் தலையணைக்குள் முகத்தை வைத்துப் பாடிப் பழகினாள். அதன் பிறகு வெட்கம் போய்விட்டது.

என் கதை கேட்கவே வேண்டாம். நாலு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கல்யாண வீட்டு பேண்டு செட்டுக்காரர் தூங்கிக்கொண்டே வாசிப்பது. இருபது வருடம் கை வீங்க வீங்கச் சாதகம் செய்தது இதற்கா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வந்த எரிச்சலில் அடித்தால் அக்கா சேரில் இருந்தபடியே, "மெதுவாங்க தம்பி, அவருக்கு முட்டி வலி" என்பார்.

ஒவ்வொரு பாட்டையும் அக்காதான் உள்ளே போய் நடந்து பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போவார், திரும்பி வந்து குறை சொல்வார்.

"ரெண்டாவது வரியில படி ஒசரமா இருக்குதுங்க."

"சரணத்துல வெளிச்சம் பத்தல."

"பல்லவிக்கு முன்னால யாரோ கல்லக் கொட்டி வெச்சிருக்காங்க, அது யாரு?"

அது நான். பழைய பழக்கத்தில் ஒரு இடத்தில் ஐந்து அடி போட்டிருந்தேன். ஒன்றை எடுத்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் ஒரு பாட்டு நின்றது. பல்லவி இதுதான்:

கதவு தெறந்துதான் இருக்குது,
செருப்ப மட்டும் வெளிய விடு.

அக்கா உள்ளே போய் வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாருக்குதுங்க. காத்து வருது" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் வாசிப்பைக் கேட்டு யாரும் காற்று வருகிறது என்று சொன்னதில்லை. கணக்கு மட்டும்தான் சொல்வார்கள்.

மறுநாளே கொட்டகையில் நீர்மட்டத்தைப் போட்டு, இருபத்தாறாவது நிமிடத்தில் நிறுத்தி, புதுப் பாட்டை ஓடவிட்டோம். அக்கா வாசல் பக்கம் நின்றார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி முடிந்தது. யாரும் வரவில்லை. பழைய ரெக்கார்டை மறுபடி ஓட்டியபோது இருமலும் அதைத் தொடர்ந்து அண்ணன் குரலும் வந்தன.

"பாட்டு கேட்டுச்சு கனகு. நல்லாருக்குது. வழியும் தெரியுது. ஆனா இங்க ஒரு கணக்கு இடிக்குது. பதிமூணு பதிமூணா வருது, ஒரு எடத்துல மட்டும் பதினாலு. அது எதுக்குன்னு புடிபடல. அவுத்து அவுத்துச் சுத்திட்டிருக்கேன். தெரிஞ்சதும் வந்தர்றேன்."

அக்கா போசியை எடுத்துக்கொண்டு நடந்தார். செருப்பை மறந்து கொட்டகையிலேயே விட்டுவிட்டார்.

அந்தப் பதினாலாவது அடி எதற்கு என்று உலகத்திலேயே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அது நான். பதிவு நடந்த அன்று என் பின்கழுத்தில் ஒரு எறும்பு கடித்தது. கை ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். வெளியானதும் ஒரு பத்திரிகையில் அதைக் 'காலத்தின் இடறல்' என்று எழுதினார்கள். அதை வைத்து ஒருவர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். இன்னொருவர் முழங்கையில் பதினாலு என்று பச்சை குத்திக்கொண்டார். எல்லாரும் கேட்டபோது நான் மர்மமாகச் சிரித்துவைத்தேன். ரஃபீக்கிடமும் ஜெசிந்தாவிடமும்கூடச் சொல்லவில்லை. ஒரு எறும்புக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் குழுவிடம், "புது ஆல்பத்தின் வெளியீட்டு விழாவில் முதலில் நீர்மட்டத்தை இருபத்தாறாவது நிமிடம் வரை வாசிப்போம்" என்று மட்டும் சொன்னேன். ரெக்கார்டில் அண்ணன் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. மேடையில் வாசித்தால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஒரு கல்யாண மண்டபத்தில். எங்களுக்கு வழக்கமாக வரும் முப்பது பேர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், முதல் முறையாக, குடும்பங்கள். குழந்தைகள், முறுக்குப் பொட்டலங்கள், ஒரு கைக்குழந்தையின் அழுகை. அக்கா ஓரத்து நாற்காலியில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வெறும் கை.

இருபத்தாறு நிமிடம் வாசித்தோம். பின்வரிசையில் நாலைந்து பேர் உள்ளே தொலைந்துபோனார்கள், அவர்கள் வீட்டார் நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். பதின்மூன்று எண்ணிக்கை வந்ததும் நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.

"நாச்சிமுத்து அண்ணா, கிட்டு பேசறேனுங்க. அந்தப் பதினாலாவது அடி என் தப்புங்க. எறும்பு கடிச்சுருச்சு, கை தவறிருச்சு. அதுல ஒண்ணுமே இல்லீங்க. இத்தன நாளா சொல்லாம இருந்ததும் தப்புத்தானுங்க. மன்னிச்சுக்குங்க. தேடாதீங்க, வந்துருங்க."

முன்வரிசையில் ஒருவர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். ரஃபீக் என்னை முறைத்தான். ஜெசிந்தா முறைக்கவில்லை, கீபோர்டில் புதுப் பாட்டின் முதல் சுரத்தில் விரலை வைத்துக் காத்திருந்தாள். நான் குச்சியை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

இரண்டாவது பல்லவியில் நாச்சிமுத்து அண்ணன் பேஸ் ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் போட்டிருந்த அதே காக்கிச் சட்டை. நேராக என்னிடம் வந்தார். நான் வாசித்துக்கொண்டே தலை குனிந்தேன்.

"நெசமாலுமே தப்புங்களா?"

"தப்புங்கண்ணா."

"நான் அதுக்கு ஒரு காரணம் ஏறக்கொறையக் கண்டுபுடிச்சு வெச்சிருந்தேனுங்க" என்றார். குரல் கம்மியது. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். உதடு மட்டும் அசைய நாலு நாலாக எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது போலிருக்கிறது, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பரவால்லீங்க தம்பி" என்று மேடையிலிருந்து இறங்கினார்.

அக்கா எழுந்து நின்றார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. "சட்டையப் பாருங்க, எண்ணெய்ப் பிசுக்கு. வீட்டுக்குப் போனதும் கழட்டிக் குடுங்க" என்றார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் மறைத்தது, ஆனால் அடி தவறவில்லை.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது எங்கள் சத்தம் நின்றுபோனது. நான் அடித்துக்கொண்டுதான் இருந்தேன், ரஃபீக்கும் வாசித்துக்கொண்டுதான் இருந்தான், ஜெசிந்தா வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. பாட்டு மேடையை விட்டு இறங்கி அவர்களோடு போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். டவுன் பஸ் வந்ததாம், அண்ணன் முதலில் ஏறினாராம், அக்கா பாட்டைக் கைகொடுத்து ஏற்றிவிட்டு ஜன்னல் ஓரம் உட்காரவைத்தாராம். கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்தாராம்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார்.

"கிட்டு தம்பி, உங்க பாட்டு இங்கதான் இருக்குதுங்க. தேடப்போறீங்களேன்னு கூப்பிட்டேன். நல்லாத் தூங்குச்சு. இப்பத்தான் எந்திரிச்சு அவரு கூட உக்காந்து இட்லி சாப்புடுது. ஞாயித்துக்கெழம அனுப்பி வெக்கட்டுங்களா?"

"இருக்கட்டுங்கக்கா" என்றேன். "சட்னிக்குக் காரம் மட்டும் கம்மியா வைங்க."