படத்தில் இல்லாத செடி

எழுபத்திரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் அடிவாரத்து ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருக்கும் சொந்தப் பொருள்களை எடுத்துவிட வேண்டும் என்று நோட்டீஸ். மலையிலிருந்து இறங்கும் காப்பி மூட்டைகளை ஏற்றுவதற்காகக் கட்டிய ஸ்டேஷன் அது. ரயில் நின்று பதினோரு வருடம் ஆகிறது. இப்போது பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்து, பழைய போட்டோவில் இருப்பதுபோலவே மாற்றப் போகிறார்கள்.

அங்கே எங்களுடையது ஒரு நந்தியாவட்டைச் செடி மட்டும்தான். அப்பா அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றி, சிக்னல் இறக்கும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தபோது பிளாட்பாரத்தின் கடைசியில் வைத்தது. ஓய்வு பெற்று மஞ்சக்குட்டைக்கு வந்த பிறகும், ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். அம்மா ஒருநாளும் உடன் போனதில்லை.

"செடியத் தொட உடமாட்டேன்" என்பதைத் தவிர அந்த மூன்று நாளும் அப்பா வேறு பேசவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.

கடைசி நாள் காலையில் அம்மாவும் கிளம்பினாள். நானும் போனேன்.

மேஸ்திரி சின்னசாமி போட்டோவைக் காட்டினார். "பாருங்க, இதுல செடி இல்லீங்க. படத்துல இல்லாதது இருக்கப்படாதுன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. அப்படிப் பார்த்தா நானும்தான் இருக்கப்படாது." அவரே சிரித்துக்கொண்டார்.

"ஓரமாத்தான நிக்குது, இருக்கட்டுமுங்க" என்றார் அப்பா.

"ஏனுங்க, ஒரு நந்தியாவட்டைக்கா இந்தப் பாடு? எங்கூட்டுல நாலு நிக்குது. வேரோட தர்றனுங்க."

நான் தாவரவியல் படித்தவள். வெளியாரிடம் பேச வராது. அப்பாவிடம் மெல்லச் சொன்னேன்: "கிளைய வெட்டி ஊட்டுல நட்டா அதே செடிதாங்கப்பா. ஒரு வித்தியாசமும் இருக்காது."

அப்பா என்னைப் பார்த்தார்.

கடப்பாரை கல்லிடுக்கில் இறங்கியது. அம்மா போய்ச் செடியருகே தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தன அடி தோண்டுவீங்க?" என்று அப்பா கேட்டார்.

"மூணடிங்க."

"மூணடி" என்று திருப்பிச் சொன்னார். பிறகு தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எம் பொண்ணு இவளுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தானுங்க. ஒரு நாளும் ஏழு மணி நேரமும் இருந்தான். ஞானஸ்நானம் குடுக்கச் சாமியார் வர்ற வண்டி லேட்டு. அவசரத்துக்கு நாமளே தண்ணி ஊத்தலாம்னு அப்பத் தெரியலீங்க. நான் சிக்னல எறக்கிட்டு நின்னுட்டிருந்தேன். வண்டி வர்றதுக்குள்ள போயிட்டான். ஞானஸ்நானம் ஆவாத புள்ளைக்குக் கல்லறையில எடமில்லைன்னுட்டாங்க."

கடப்பாரை நின்றது.

"இங்கதானுங்க வச்சேன்."