மயிலாளின் செடிகளுக்குக் கவாத்து

1

இந்தக் கதை ஒரு மொட்டைமாடியில் கிடைத்தது. 1991 மார்கழி, திருப்பூர். துணி காயப்போடப் போனவன், பக்கத்து வீட்டுக் குருசாமி கத்தரியோடு ரோஜாச் செடி முன்னால் நிற்பதைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெட்டாமல் நின்றுகொண்டே இருந்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ரோஜாவைப் போன்ற மயிலாள்...'

(வேண்டாம். மயிலாள் அவர் மனைவி. தலைகூட வாராமல் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்.)

2

அந்த ஐப்பசியில் மயிலாளுக்குக் கரு கலைந்தது. எதிர்வீட்டு அமீருன்னிசாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கம்பெனிக்கு ஆள் அனுப்பினோம். ஷிப்மெண்ட் முடியட்டும் என்று சொல்லியனுப்பிய குருசாமி மறுநாள்தான் வந்தார். அந்த வாரமே மயிலாள் மடத்துக்குளத்திலுள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது குருசாமியிடம்...

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. எதுவும் சொல்லாமல்தான் போனார்.)

3

செடிகள் குச்சிகுச்சியாக வளர்ந்து பூப்பதை விட்டிருந்தன. அமீருன்னிசா மாடிக்கு வந்தார்.

"தைரியமா வெட்டுங்கண்ணா. வெட்டாட்டிப் பூக்காது."

"துணின்னா மார்க்கிங் இருக்குமுங்க. இதுல எங்கீங்க வெட்டறது?"

"காஞ்சதை அடியோட எடுங்க. மத்ததுல வெளிப்பக்கம் பாத்த கணு இருக்குது பாருங்க, அதுக்கு மேல சாய்ச்சு வெட்டுங்க."

குருசாமி வெட்டினார். முனைகளில் சாணி அப்பினார். ஊறிய கடலைப் புண்ணாக்கைக் கரைத்து, தண்டில் படாமல் சுற்றிலும் ஊற்றினார். அதன்பின் ஓவர்டைமை விட்டுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்பினார். வாங்கிவந்த பரோட்டாவைச் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்.

(செடிகளோடு பேசினார் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.)

4

மாசிக் கடைசியில் செடி கொள்ளாத பூ. கம்பெனியில் மறுபடியும் ஷிப்மெண்ட் நெருக்கடி. ஒரு காலையில் குருசாமி பூக்களை வாழையிலையில் சுற்றிக்கொண்டு மடத்துக்குளம் பஸ் ஏறினார். அதே வாரம் நாங்கள் தாராபுரத்துக்குக் குடிமாறினோம். இனி வருவது என் கற்பனை.

மயிலாள் கதவைத் திறக்கிறார். பூவைப் பார்க்கிறார். கை நீட்டவில்லை.

"இன்னைக்குக் கம்பெனியில தேட மாட்டாங்களா?"

"தேடுவாங்க."

"அப்புறம் ஏனுங்க வந்தீங்க?"

ஒரு முடிவில் குருசாமியை அழவைத்தேன். இன்னொன்றில் மயிலாள் பெட்டியோடு வெளியே வந்தார். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இப்போது குருசாமிக்குப் பதில் வாசலில் நிற்பது நீங்கள். ஏன் வந்தீர்கள் என்று யோசித்தே சொல்லுங்கள். மயிலாள் இன்னும் கதவைச் சாத்தவில்லை.