புளிக்காத வீடு

ஆதிலட்சுமியின் வயிற்றில் பிள்ளை நாலு வருஷத்துக்கு மேல் இருந்தது. செஞ்சி பஜாரில் இதை மறுப்பவர் யாரும் இல்லை. எத்தனையாவது மாதத்தில் வளராமல் நின்றது என்பதில்தான் தகராறு. எட்டு முடிந்து நின்றது என்று எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைக்காரர்கள் சொல்வார்கள், எட்டு நடக்கும்போதே நின்றது என்று மருத்துவச்சி குஞ்சம்மாள் சொல்வாள். குஞ்சம்மாள் சொல்வதையே இங்கே எடுத்துக்கொள்ளலாம், கை வைத்துப் பார்த்தவள் அவள்தான்.

ஜானகி என்கிற பெண் பழச்சாற்றை ஆராய்வதற்காக ஊருக்கு வந்தது அறுபத்து மூன்றாம் வருஷம் கோடையில். மலைச்சரிவில் களாக்காய் மலிவாகக் கிடைத்தது. அதன் சாறு பிழியும்போது ரத்தம்போலச் சிவந்திருக்கும், ரெண்டு நாளில் செங்கல் கரைத்த தண்ணீராகிவிடும். அந்தச் சிவப்பை நிறுத்தி வைக்க ஏதாவது இலையோ பட்டையோ உதவுமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கோவிந்தராஜின் சர்பத் கடைக்குப் பின்னால் இருந்த அறையை வாடகைக்கு எடுத்து, கண்ணாடிக் குழாய்களை அடுக்கினாள். ஊர் அவளுக்கு ஜூஸ் டாக்டரம்மா என்று பெயர் வைத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் பொறுமையாக விளக்கினாள். நறுக்கிய வாழைக்காய் கறுப்பது, பழைய எண்ணெய் சிக்கு நாற்றம் அடிப்பது, இரும்பு துருப்பிடிப்பது, விறகு எரிவது எல்லாமே காற்று கடிக்கிற கடிதான், சில செடிகளுக்கு அந்த வாயைக் கட்டத் தெரியும் என்றாள். முருங்கை, கறிவேப்பிலை, நெல்லி, மாதுளைத் தோல் என்று எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ராஜகிரி மலைக்கோட்டையில் பாலத்துக்கு அடியில் பாறை வெடிப்பில் படர்ந்திருந்த ஒரு கொடியைப் பிடித்தாள். அதற்கு ஊரில் பெயர் கிடையாது. ஆடுகூட அதில் வாய் வைத்ததில்லை. அதன் வடிநீரில் ஒரு சொட்டு விட்டால் ஒரு குடம் சாறு வாரக்கணக்கில் சிவப்பாகவே இருந்தது.

ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூரில் சர்பத் விற்கப் போகிற கோவிந்தராஜுக்கு, மத்தியானத்துக்குள் சரக்கு திரிந்துபோவது வருஷா வருஷம் இருக்கிற தலைவலி. அவன் கெஞ்சினான், ஜானகியும் ஒரு சின்னக் குப்பி கொடுத்தாள். "குடத்துக்கு ஒரு சொட்டுதான், மேலே போயிடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். கோவிந்தராஜ் ஏமாற்றுக்காரன் அல்ல, கணக்கும் தவறவில்லை. ஆனால் சர்பத் கடைக்காரன் எந்த எசன்ஸையும் தண்ணீரில் விடமாட்டான், பாகில்தான் விடுவான். எத்தனை குடம் தண்ணீருக்கு அந்தப் பாகு வருமோ அத்தனை சொட்டையும் ஒரே அண்டாப் பாகில் விட்டான். அதுவரை சரி. அவன் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. புதுச் சரக்கு காய்ச்சினால் முதல் தம்ளர் வீட்டிலிருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு, அதிலும் தண்ணீர் கலக்காத வெறும் பாகு. கலந்தால் வியாபாரம் நீர்த்துப்போகும் என்று அவன் அப்பா பூவராகவன் சொல்லுவார். அவன் பெண்டாட்டி ஆதிலட்சுமி அந்தத் தம்ளரை நின்றபடியே குடித்தாள். நல்லாயிருக்குது என்றும் சொன்னாள்.

மேல்மலையனூரில் சர்பத் சாயங்காலம்வரை சிவப்பாக இருந்தது. குடித்தவர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில், ஆதிலட்சுமி அன்று தலையில் வைத்த கனகாம்பரம் ஒரு வாரம் கழித்தும் வாடவில்லை. வாழைக்காய் நறுக்கும்போது கட்டைவிரலில் பட்ட வெட்டு வலிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை, ஒரு சிவப்புக் கோடாக ஈரமாகவே இருந்தது. இட்லி மாவு பொங்கவில்லை, பால் தோயவில்லை. தயிர் தோய்வது கிருமியின் வேலை, என் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஜானகி அடித்துச் சொன்னாள். பாலுக்கு அது தெரியவில்லை. பூக்காரிகள் விற்காத பூவைக் கொண்டுவந்து அந்த வீட்டு நடையில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப்போனார்கள், வெற்றிலைக் கடை விநாயகமும் தன் கவுளிக் கட்டுகளை அங்கேதான் வைத்தார். முதல் ரெண்டு மாதம் ஊருக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

புரட்டாசி போனது, ஐப்பசி போனது, வலி வரவில்லை. குஞ்சம்மாள் வயிற்றில் கை வைத்துவிட்டு, வெளியே வந்து கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உசுரு இருக்குது, உதைக்குது. ஆனா போன மாசம் பாத்த அளவுதான் இப்பவும் இருக்குது. காய் காயாவே நின்னுபோச்சு" என்றாள். திண்டிவனத்து டாக்டர் குழாய் வைத்துக் கேட்டு, நாள் கணக்கில் பிசகியிருப்பார்கள் என்று சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் போனார்கள். அடுத்த வருஷமும் போனார்கள். அரிசிக்கு ஊர் வரிசையில் நின்ற காலம், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன காலம், பையன்கள் மொழிக்காகத் தெருவில் இறங்கிய காலம், எல்லாம் ஆதிலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையிலேயே கடந்து போயின.

பயம் நெருப்பில் தொடங்கியது. ஒரு நாள் அவள் வீட்டு அடுப்பு பற்றவில்லை. விறகு ஈரமாக இருக்கும் என்றார்கள். காய்ந்த விறகும் பற்றவில்லை. தீக்குச்சி உரசினால் வாசனை மட்டும் வந்தது. சமையலைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள், கொஞ்ச நாளில் அங்கேயும் அடுப்பு மந்தமானது. மாசி மாதம் ஆதிலட்சுமி மேல்மலையனூருக்கு வேண்டிக்கொள்ளப் போனபோது, அவள் வரிசையில் நின்ற இடத்திலிருந்து முன்னால் நின்றவர்களின் கையிலிருந்த கற்பூரம் ஒவ்வொன்றாக அணைந்தது. கூட்டம் சத்தமில்லாமல் விலகி அவளைச் சுற்றி ஒரு வட்டம் விட்டது. அந்த வெற்றுத் தரையைப் பார்த்ததும்தான் அவளுக்கே முதல்முதலாகப் பயம் வந்தது.

அறுபத்தைந்தில் பூவராகவன் செத்தார். மாமனாரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள் ஆதிலட்சுமி. சுடுகாட்டில் பிணம் எரிக்கிற செல்லப்பன் எருமுட்டை அடுக்கி, கோவிந்தராஜ் கொள்ளி வைத்தான். எரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், வைக்கோல் போட்டார்கள். பொழுது சாயும்வரை பூவராகவன் நெற்றியில் விபூதி கலையாமல் படுத்திருந்தார். "சாமி, நெருப்பு இவுரை வேணாங்குது. மண்ணுல வெச்சுடலாம்" என்று செல்லப்பன் சொன்னான். கோவிந்தராஜ், "நைனா, மன்னிச்சுக்க நைனா" என்று அழுதுகொண்டே மண் தள்ளினான். அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் சர்பத் குடிக்கவில்லை. பஜார் பெரியவர்கள் கும்பலாக வந்து, ஆதிலட்சுமியை அவள் பிறந்த ஊரான சீயமங்கலத்தில் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாமே என்றார்கள். சீயமங்கலத்திலிருந்து அதற்கு முன்பே ஆள் வந்து, இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஜானகியும் பயந்துதான் இருந்தாள். மாற்று மருந்து தேடி ஊர் ஊராக அலைந்துவிட்டு, மாதத்துக்கு ஒரு தரம் செஞ்சிக்கு வந்து ஆதிலட்சுமியின் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஆட்சி மாறிய வருஷம் சித்திரைக் கடைசியில் அப்படி வந்திருந்தபோது, குஞ்சம்மாள் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "முன்ன மாதிரி உதைக்கல. தூங்கறாப்பல இருக்குது. சலிச்சுப்போச்சோ இன்னாவோ" என்றாள். ஆதிலட்சுமி அழவில்லை. ஜானகி பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மா, உங்க சாறு கெட்டுப்போவாம இருக்க எதுலலாம் வெக்கக் கூடாது?"

"வெயில்ல வைக்கக் கூடாது. காத்துப்படத் திறந்து வைக்கக் கூடாது. ஈயம் பூசாத செம்புல வைக்கவே கூடாது, மொத்தமும் கறுத்துடும்."

"அப்ப எனக்கு அது மூணும் வேணும்."

ஜானகிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாலு வருஷமா நின்னதெல்லாம் ஒரே நேரத்துல வந்துச்சுன்னா? வந்து நிக்காம போச்சுன்னா? நீங்க, குழந்தை, ரெண்டு பேருமே..."

"வரட்டும். வராம கெடக்கறத வுடவா?" என்றாள் ஆதிலட்சுமி.

கத்தரி வெயிலில் ராஜகிரி ஏறுவதற்கு ஆட்டுக்காரர்களே யோசிப்பார்கள். கோவிந்தராஜ் ஈயம் போன பழைய செம்புக் குடத்தில் முதல் நாளே தண்ணீர் பிடித்து வைத்து, மறுநாள் அதைத் தோளில் சுமந்து முன்னால் நடந்தான். குஞ்சம்மாளும் ஜானகியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். மண்டபம் வரும்போதெல்லாம் ஆதிலட்சுமி நிழலை விட்டு விலகி வெயிலில் நின்று அந்தச் செம்புக் களிம்பு ஏறிய தண்ணீரைக் குடித்தாள். உச்சிக்குக் கீழே பாறைப் பிளவின்மேல் போட்டிருக்கும் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. அவள் முந்தானையைத் தளர்த்திக் காற்றுக்கு வயிற்றைக் காட்டி நின்றாள். அப்போது தலையிலிருந்த கனகாம்பரம், நாலு வருஷம் வாடாதது, சருகாகி உதிர்ந்து பிளவுக்குள் பறந்தது. கட்டைவிரல் வெட்டு ரத்தம் விட்டு, பொருக்குத் தட்டி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடுவானது. காதோரம் மயிர் நரைத்தது. கோவிந்தராஜ் குடத்தைக் கீழே போட்டுவிட்டான். வலி வந்துவிட்டது.

உச்சியில் பழைய நெற்களஞ்சியத்துக்குள் பெண் பிள்ளை பிறந்தது. ஆதிலட்சுமி அதற்கு ஒரு முறைதான் பால் கொடுத்தாள். ரெண்டாவது முறை எடுத்தபோது பல் பட்டது. குஞ்சம்மாள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பஜாருக்கு ஆள் போய்க் கயிற்றுக் கட்டில் வந்து, தாயை அதில் கிடத்தி இறக்கினார்கள். பிள்ளையைக் கோவிந்தராஜ் துண்டில் சுற்றி ஏந்தி வந்தான். பாலம் தாண்டும்போது தலை நின்றிருந்தது. பாதி மலையில் துண்டு போதவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டான். அடிவாரத்துக் கோட்டை வாசலில் மகள் இறங்கி, அவன் விரலைப் பிடித்து நடந்தாள். காலையில் வயிற்றில் ஏறிப் போனவள் சாயங்காலம் நடந்து வந்ததைப் பஜார் முழுக்கப் பார்த்தது. எல்லாருக்கும் ஒரே பயம்தான். இது நிற்குமா? இப்படியே போனால் வெள்ளிக்கிழமைக்குள் கிழவியாகிவிடுவாளே என்று துணிக்கடைக்காரர் ஒருவர் முனகினார், பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். ஆதிலட்சுமி பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கைக்குள் எலும்பு நீள்வது அவளுக்குத் தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் கோவிந்தராஜ் ஒரு குச்சி உரசினான். பற்றியது. விளக்கும் பற்றியது. மடியில் கனம் கூடுவது அதோடு நின்றது. நேரத்துக்குப் பிறந்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு இருந்திருப்பாளோ அவ்வளவுதான் இருந்தாள்.

தைலம்மாள் என்று பெயர் வைத்தார்கள். ஜானகி மிச்சக் குப்பியை வெயிலில் திறந்து வைத்துவிட்டு அறையைக் காலி செய்துகொண்டு போனாள். பிள்ளை எப்போது பிறந்தது என்று பிறகு பள்ளிக்கூடத்தில் கேட்டபோது கோவிந்தராஜ், "எந்த வருஷம் எழுதினாலும் சரிதாங்க" என்றான். வாத்தியார் ஊர்க்காரர், மேலே கேட்கவில்லை. ஆதிலட்சுமிக்குத் தொட்டில் ஆட்டக் கிடைக்கவில்லை, தவழ்வதைப் பார்க்கவும் கிடைக்கவில்லை. அதை நினைத்து அவள் பல வருஷம் அழுதாள், மறைக்கவும் இல்லை.

பிறந்த மறுநாள் காலையில் அவள் உறியிலிருந்து சட்டியை இறக்கினாள். பால் கெட்டியாகத் தோய்ந்திருந்தது. சோற்றில் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்து, பிறந்த பிறகு முதல்முறையாகப் பேசியது.

"அம்மா, புளிக்குது."

"ஆமாண்டி கண்ணு, புளிக்குது" என்று சொல்லி ஆதிலட்சுமி அடுத்த வாயை உருட்டினாள்.